விலை கூடிய டீவி வாங்கப் போகிறீர்களா? முதலில் வீட்டை அளந்து பாருங்கள்

அண்மைக் காலமாக வாசகர்கள் பலர் கேட்கும் கேள்வி இது. "பெரிய டீவி ஒன்று எடுக்க வேண்டும். பிள்ளைகள் கேம் விளையாட வேண்டும், குடும்பத்தோடு படமும் பார்க்க வேண்டும். எந்தக் கம்பனி நல்லது?" கேள்வி சிறியதுதான். ஆனால் அதற்குப் பின்னால் நிற்கும் தொகை சிறியதல்ல. உயர்தர டீவி ஒன்றுக்கு இன்று நமது நாட்டில் பல இலட்சம் ரூபா கொடுக்க வேண்டியிருக்கிறது. வருடக் கணக்கில் சேமித்த காசோ, மத்திய கிழக்கில் மகன் வெயிலில் நின்று உழைத்து அனுப்பிய காசோ ஒரே நாளில் கைமாறப் போகிறது. அரிசி வாங்கும்போது கையில் அள்ளிப் பார்த்து, துணி வாங்கும்போது இழுத்துப் பார்த்து வாங்குகிற நாம், இவ்வளவு பெரிய தொகையைக் கொடுக்கும்போது மட்டும் கடைக்காரர் காட்டிய படத்தை நம்பிக் கொடுத்துவிடுகிறோம்.

எந்தக் கம்பனி என்பது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு முன் மூன்று விடயங்களுக்கு விடை வேண்டும். டீவி எந்த அறையில் நிற்கப் போகிறது? அதில் எதை இணைக்கப் போகிறீர்கள்? வீட்டில் யார் யார் எதைப் பார்க்கிறார்கள்? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்தவருக்குப் பாதி வேலை முடிந்துவிட்டது. தெரியாதவர் எத்தனை இலட்சம் கொடுத்தாலும், கொடுத்ததில் ஒரு பகுதி வீணாகிறது.

கடையில் தெரிவது வீட்டில் தெரியாது

ஒரு வியாபாரி என்ற முறையில் முதலில் இதைச் சொல்லி வைக்கிறேன். எந்தக் கடையிலும் சாமான் அழகாகத் தெரியும்படிதான் வைக்கப்படும். துணிக்கடையில் விளக்கு வெளிச்சம், பழக்கடையில் துடைத்து அடுக்கிய மேல் வரிசை. அதுபோலவே டீவிக் கடையிலும் ஒரு முறை உண்டு. டீவிகளை முதன்முதலில் இயக்கும்போது "வீட்டுப் பாவனையா, கடைப் பாவனையா?" என்று அதுவே கேட்கும். கடைப் பாவனை என்று தெரிவு செய்தால் வெளிச்சமும் நிறமும் உச்சத்துக்குப் போய்விடும். அதில் ஓடும் காட்சியும் அதற்கென்றே தயாரிக்கப்பட்டது. பூக்கள், வண்ண மீன்கள், தேன் வடிதல், இரவு நகரம் என்று எல்லாம் பளபளக்கும். அந்தக் காட்சியில் மட்டமான டீவியும் அழகாகத் தெரியும்.

எனவே கடைக்குப் போகும்போது நீங்கள் நன்கு அறிந்த படம் ஒன்றை ஒரு பென் டிரைவில் போட்டுக் கொண்டு போங்கள். அதில் இருட்டுக் காட்சி ஒன்று இருக்கட்டும். டீவியை வீட்டுப் பாவனைக்கு மாற்றச் சொல்லி, "சினிமா" அல்லது "பிலிம்மேக்கர்" என்ற நிலையில் வைத்து அந்தக் காட்சியைப் போடச் சொல்லுங்கள். கறுப்பு கறுப்பாகத் தெரிகிறதா, சாம்பல் பூசியது போலத் தெரிகிறதா? இருட்டில் நிற்கும் மனிதனின் முகமும் சட்டையும் பிரிந்து தெரிகின்றனவா? பிறகு பக்கவாட்டில் சென்று நின்று பாருங்கள். நிறம் வெளிறுகிறதா? இவ்வளவுக்கும் பத்து நிமிடம் போதும். "அதெல்லாம் இங்கே செய்ய முடியாது நானா" என்று சொல்கிற கடையில் இருந்து, செய்து காட்டுகிற கடைக்குப் போவதில் தவறில்லை.

பெயர்கள் ஒன்று போல, சாமான் வேறு

இன்று உயர்தர டீவிகளில் அடிப்படையில் இரண்டு வகைதான் உண்டு. பெட்டியில் எழுதப்பட்டிருக்கும் பெயர்கள் எத்தனையாக இருந்தாலும் இதை மனதில் வைத்தால் குழப்பம் தீரும்.

முதலாவது வகை, பின்னால் இருந்து வெளிச்சம் வரும் எல்.சி.டி. திரை. கண்ணாடித் திரைக்குப் பின்னால் சிறு மின்விளக்குகள் எரியும். திரை அந்த வெளிச்சத்தை மறைத்தும் விட்டும் படத்தைக் காட்டும். "எல்.ஈ.டி. டீவி", "கியூலெட்", "மினி எல்.ஈ.டி.", "நியோ கியூலெட்" எல்லாம் இந்த ஒரே குடும்பம்தான். 2017 இல் சம்சுங் கொண்டு வந்த கியூலெட் என்ற பெயர் ஓலெட் என்பது போலவே ஒலிப்பதால், இரண்டும் ஒன்று என்று எண்ணி வாங்கியவர்கள் அநேகர். கியூலெட் என்பது நிறத்தை மேம்படுத்தும் ஒரு மெல்லிய படலம் சேர்த்த எல்.சி.டி. திரையே.

இரண்டாவது வகை ஓலெட். இதில் பின்விளக்கு இல்லை. 4கே திரையில் குறுக்காக 3840, நெடுக்காக 2160 என்று ஏறத்தாழ 83 இலட்சம் புள்ளிகள் உண்டு. ஓலெட்டில் அந்த ஒவ்வொரு புள்ளியும் தானாக ஒளிரும், தானாக அணையும். இருட்டுக் காட்சி என்றால் அந்தப் புள்ளி முழுமையாக அணைந்துவிடும். அதனால்தான் ஓலெட்டில் கறுப்பு, உண்மையான கறுப்பாக இருக்கிறது. எல்.ஜி. நிறுவனம் தனது 55 அங்குல ஓலெட் டீவியை 2013 ஜனவரியில் கொரியாவில் விற்பனைக்கு விட்டபோது அதன் விலை 1 கோடியே 10 இலட்சம் வொன், அதாவது அந்நாளில் ஏறத்தாழ 10,000 டொலர். இன்று அந்த விலையில் ஒரு பகுதிக்கே அதைவிடச் சிறந்த திரை கிடைக்கிறது. 2022 இல் சம்சுங்கும் சோனியும் குவாண்டம் டொட் கலந்த புதிய வகை ஓலெட் திரைகளைக் கொண்டு வந்தன. நிறத்தில் அவை இன்னும் பிரகாசமானவை.

எல்.சி.டி. குடும்பத்தில் ஓலெட்டுக்கு அருகில் வருவது மினி எல்.ஈ.டி. பின்னால் உள்ள விளக்குகளை மிகச் சிறிதாக்கி, நூற்றுக் கணக்கான, சிலவற்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிகளாகப் பிரித்து, தேவையான இடத்தில் மட்டும் எரிய விடுகிறார்கள். இருந்தாலும் ஒரு பகுதிக்குள் பல ஆயிரம் புள்ளிகள் அடங்கும். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்தால், எழுத்தைச் சுற்றி மெல்லிய புகை போன்ற ஒளி தெரியக் கூடும். கீழே உபதலைப்பு ஓடும் படங்களை விரும்பிப் பார்க்கிறவர்கள் இதைக் கடையிலேயே சோதித்துக் கொள்ள வேண்டும். பகுதிகளின் எண்ணிக்கை கூடினால் இந்தக் குறை குறையும், விலை கூடும்.

இன்னொரு வியாபார இரகசியமும் உண்டு. டீவியின் பெயர் ஒருவருடையது, திரை இன்னொருவருடையது என்பது இத்துறையில் சாதாரணம். எல்.ஜி. குழுமத்தின் திரைத் தொழிற்சாலை செய்யும் ஓலெட் திரைகளை சோனி, பனசொனிக் போன்றவர்களும் வாங்கித் தமது டீவிகளில் பொருத்துகிறார்கள். சம்சுங் குழுமத்தின் திரை சோனியின் சில மொடல்களில் இருக்கிறது. ஆகவே "இந்தக் கம்பனித் திரைதான் உலகிலேயே சிறந்தது" என்று விற்பனையாளர் சொன்னால் புன்னகையோடு கேட்டுக் கொள்ளுங்கள். வித்தியாசம் உள்ளே இருக்கும் சிப்பிலும் மென்பொருளிலும் இணைப்புகளிலும்தான் பெரும்பாலும் இருக்கிறது.

அறையைப் பாருங்கள்

நமது வீடுகளில் டீவி பொதுவாக ஹோலில்தான் நிற்கும். பெரிய ஜன்னல்கள், திறந்த வாசல், பகல் முழுவதும் வெளிச்சம். இப்படிப்பட்ட இடத்தில் ஓலெட் தனது முழுத் திறமையைக் காட்டாது. ஓலெட்டின் பலம் இருட்டில்தான் தெரியும். திரை முழுவதும் வெளிச்சமாக வரும் காட்சிகளில், உதாரணமாகப் பகல் நேரக் கிரிக்கெட் போட்டியில், நல்ல மினி எல்.ஈ.டி. ஒன்று ஓலெட்டை விடப் பிரகாசமாக இருக்கும். குவாண்டம் டொட் ஓலெட் திரைகளில் அறை வெளிச்சம் நேராக விழுந்தால் கறுப்புப் பகுதி சற்று ஊதா கலந்த சாம்பலாகத் தெரிவதும் உண்டு. மாறாக, இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் படம் பார்க்கிறவர்களுக்கும், திரைச்சீலை போட்ட தனி அறை உள்ளவர்களுக்கும் ஓலெட்டுக்கு நிகர் எதுவும் இல்லை.

அடுத்தது தூரம். இருக்கையில் இருந்து டீவி நிற்கப் போகும் சுவர் வரை ஓர் அளவு நாடாவால் அளந்து பாருங்கள். 55 அங்குல டீவிக்கு ஐந்தரை அடி முதல் ஏழு அடி வரை பொருத்தம். 65 அங்குலத்துக்கு ஆறரை அடி முதல் எட்டரை அடி வரை. 77 அங்குலத்துக்கு எட்டு அடி முதல் பத்து அடி வரை. பன்னிரண்டு அடி தூரத்தில் உட்கார்ந்து 55 அங்குல 4கே டீவியைப் பார்க்கிறவர், பழைய முழு எச்.டி. டீவிக்கும் அதற்கும் வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது கடினம். அதே நேரம், சிறிய அறையில் மிகப் பெரிய டீவியை வைத்துக் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதும் தொல்லைதான். 8கே பற்றி யாராவது சொன்னால் இப்போதைக்குக் காதில் போட்டுக் கொள்ள வேண்டாம். அந்த அளவுக்குப் படமும் இல்லை, விளையாட்டும் இல்லை என்றே சொல்லலாம்.

சுவரில் மாட்டுகிறவர்கள் அநேகமாக மிக உயரத்தில் மாட்டிவிடுகிறார்கள். கடைகளிலும் ஹோட்டல்களிலும் பார்த்துப் பழகியதன் விளைவு அது. உட்கார்ந்திருக்கும்போது உங்கள் கண் மட்டம் திரையின் நடுப்பகுதிக்கு அருகில் இருக்க வேண்டும்.

பத்துப் பேர் பாயிலும் சோபாவிலும் பரவி உட்கார்ந்து பார்க்கும் வீடு என்றால் பக்கவாட்டுப் பார்வையும் முக்கியம். எல்.சி.டி. டீவிகள் பலவற்றில் ஓரத்தில் இருப்பவருக்கு நிறம் வெளிறித் தெரியும். ஓலெட்டில் அந்தப் பிரச்சினை மிகக் குறைவு.

கேம் விளையாடுகிறவர்களுக்கு வேகம்

மகனுக்குப் பிளேஸ்டேஷன் 5 இருக்கிறது, அதற்காகவே நல்ல டீவி வேண்டும் என்கிறவர்கள் இந்தப் பகுதியைக் கவனமாக வாசிக்க வேண்டும். வாப்பாமார் ஏமாறுவது அதிகமாக இங்கேதான்.

முதலாவது, தாமதம். கையில் பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் அது தெரிவதற்கும் இடையில் டீவி ஒரு சிறு நேரம் எடுக்கிறது. படத்தை அழகுபடுத்தும் வேலைகளை உள்ளே செய்வதால் வரும் தாமதம் இது. சினிமா நிலையில் பல டீவிகளில் இது 50 முதல் 100 மில்லி செக்கனுக்கு மேலும் போகும். படம் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது. ஆனால் கிரிக்கெட் கேம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். மணிக்கு 140 கிலோமீற்றர் வேகத்தில் வரும் பந்து துடுப்பாட்டக்காரரை அடைய ஏறத்தாழ அரைச் செக்கன்தான் எடுக்கும். அதில் ஐந்தில் ஒரு பங்கை டீவி விழுங்கிவிட்டால் எப்படி அடிப்பது? இதற்காகத்தான் "கேம் மோட்" என்ற நிலை இருக்கிறது. நல்ல டீவிகளில் இந்த நிலையில் தாமதம் 10 மில்லி செக்கன் அளவுக்கு இறங்கும். புதிய டீவிகள் விளையாட்டுக் கருவி இயங்கியதும் தாமாகவே இந்த நிலைக்கு மாறிவிடும்.

இரண்டாவது, செக்கனுக்கு எத்தனை தடவை படம் மாறுகிறது என்பது. இதை ஹேர்ட்ஸ் என்ற அளவில் சொல்கிறார்கள். சாதாரண டீவி 60, உயர்தர டீவி 120 அல்லது அதற்கு மேல். பெட்டியில் "மோஷன் ரேட் 240" என்பது போல எழுதியிருந்தால் அது திரையின் உண்மையான வேகம் அல்ல, விளம்பர எண். விற்பனையாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது: "4கே-யில் இது 120 ஹேர்ட்ஸ் காட்டுமா?" சில மலிவான மொடல்கள் 120 காட்டும், ஆனால் படத்தின் நுணுக்கத்தைப் பாதியாகக் குறைத்துத்தான் காட்டும்.

மூன்றாவது, பின்னால் உள்ள எச்.டி.எம்.ஐ. துவாரம். 4கே படத்தை 120 ஹேர்ட்ஸில் அனுப்புவதற்குப் பழைய 2.0 வகை போதாது. அது செக்கனுக்கு 18 ஜிகாபிட் வரைதான் தாங்கும். 2017 இல் வெளியான 2.1 வகை 48 ஜிகாபிட் வரை தாங்கும். ஆனால் ஒரு பொறி இருக்கிறது. 2.1 என்ற பெயரைப் போட்டுக் கொள்ள அதன் எல்லா வசதிகளும் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பது 2021 இன் இறுதியில் வெளிச்சத்துக்கு வந்தது. எனவே "2.1 இருக்கிறதா?" என்று கேட்டால் "இருக்கிறது" என்ற பதில் வரும், ஆனால் அந்தப் பதிலால் பயன் இல்லை. "4கே 120 எத்தனை துவாரங்களில் வரும்?" என்று கேளுங்கள்.

எத்தனை துவாரம் என்பது ஏன் முக்கியம்? நான்கு துவாரங்கள் உள்ள டீவிகள் பலவற்றில் இரண்டு மட்டுமே வேகமானவை. அந்த இரண்டில் ஒன்றுதான் சவுண்ட்பாருக்கான "ஈ-ஆர்க்" துவாரமாகவும் இருக்கும். சவுண்ட்பாரை மாட்டியதும் மிஞ்சுவது ஒன்றுதான். அண்ணனிடம் பிளேஸ்டேஷனும் தம்பியிடம் எக்ஸ்பொக்ஸும் இருக்கும் வீட்டில் அன்றே சண்டை தொடங்கும். எல்.ஜி.யின் சி வரிசை ஓலெட்டுகளிலும் சம்சுங்கின் உயர் மொடல்களிலும் நான்குமே வேகமானவை. சோனியின் பல உயர் மொடல்களில் இரண்டே.

நான்காவது, வி.ஆர்.ஆர். என்ற வசதி. கேமில் படங்கள் எப்போதும் ஒரே சீராக வருவதில்லை. கடினமான காட்சிகளில் வேகம் குறையும். அப்போது திரை கிழிந்தது போலவும் தடுக்கியது போலவும் தெரியும். வி.ஆர்.ஆர். இருந்தால் டீவி தனது வேகத்தைக் கருவியின் வேகத்துக்கு ஏற்ப மாற்றிக் கொள்ளும். பிளேஸ்டேஷன் 5 இற்கு இந்த வசதி 2022 ஏப்ரலில் கிடைத்தது.

இனி மறுபக்கம். வீட்டில் இருப்பது பிளேஸ்டேஷன் 4 என்றால் மேலே சொன்ன 120 ஹேர்ட்ஸ், 2.1 எதுவும் அதற்குப் பயன்படாது. நல்ல கேம் மோட் ஒன்றே போதும். பிளேஸ்டேஷன் 5 இலும் கூடப் பெரும்பாலான கேம்கள் 30 அல்லது 60 இல்தான் ஓடுகின்றன. 120 இல் ஓடுபவை குறைவு. "அவனுடைய நண்பன் வீட்டில் இருக்கிறது" என்பதற்காக இலட்சம் ரூபா கூடக் கொடுப்பதற்கு முன், மகன் உண்மையில் விளையாடும் கேம்கள் எவை என்று ஒரு தடவை கேட்டுக் கொள்ளுங்கள்.

கேபிளுக்குத் தனியாகப் பெரும் பணம் கொடுக்க வேண்டாம். பிளேஸ்டேஷன் 5 இன் பெட்டிக்குள்ளேயே தகுந்த கேபிள் வருகிறது. டீவி வீட்டுக்கு வந்ததும் அதன் அமைப்புகளில் அந்தத் துவாரத்துக்குரிய வேகத்தைத் திறந்து விட வேண்டும். பல டீவிகளில் இது மூடியே வருகிறது. பெரிய டீவி வாங்கியும் மாதக் கணக்கில் பாதி வேகத்தில் விளையாடும் பிள்ளைகள் உண்டு.

படம் பார்க்கிறவர்களுக்கு மூலம்

கிணற்றில் இருந்தால்தான் வாளியில் வரும். டீவிக்குள் போகும் படம் எவ்வளவு தரமானதோ அவ்வளவுதான் வெளியிலும் வரும்.

பழைய சாதாரணத் தரத்தில் ஒரு சனல் வருகிறது என்று வைத்துக் கொள்வோம். அதில் இருப்பது 720 பெருக்கல் 576 புள்ளிகள், அதாவது நான்கு இலட்சத்துச் சொச்சம். அதை 83 இலட்சம் புள்ளிகள் உள்ள 4கே திரையில் போட்டால், இருபது புள்ளிக்கு ஒன்றுதான் உண்மையில் வந்தது. மீதிப் பத்தொன்பதும் டீவி ஊகித்து நிரப்பியவை. செய்தியும் நாடகமும் இந்தத் தரத்தில் மட்டுமே பார்க்கும் வீட்டில், விலை கூடிய பெரிய திரை குறையைப் பெரிதாக்கிக் காட்டவே உதவும்.

நெட்பிளிக்ஸ் போன்றவற்றில் 4கே பார்ப்பதென்றால் அதற்குரிய விலை கூடிய சந்தா வேண்டும். இணைய வேகம் குறைந்தது 15 எம்.பி.பி.எஸ். நிலையாக வர வேண்டும் என்று அந்நிறுவனமே சொல்கிறது. மணிக்கு 7 ஜி.பி. வரை செலவாகும். இரண்டு மணி நேரப் படம் என்றால் 14 ஜி.பி. உங்கள் மாதாந்த டேட்டா எவ்வளவு என்பதை வைத்து எத்தனை படம் பார்க்க முடியும் என்று கணக்குப் போட்டுக் கொள்ளுங்கள். 4கே புளூ-ரே தட்டுகள் இதைவிடப் பல மடங்கு விபரத்தைத் தரும். ஆனால் இங்கே அவற்றைத் தேடிப் பிடிப்பது எளிதல்ல.

எச்.டி.ஆர். என்பது 4கே-யை விடக் கண்ணுக்கு நன்றாகத் தெரியும் முன்னேற்றம். ஒரே காட்சியில் சூரியனின் பிரகாசத்தையும் நிழலின் இருட்டையும் சேர்த்துக் காட்டுவது அது. இதில் டொல்பி விஷன், எச்.டி.ஆர். 10 பிளஸ் என்று இரண்டு போட்டி முறைகள் உண்டு. சம்சுங் டீவிகள் டொல்பி விஷனைக் காட்டுவதில்லை. எல்.ஜி., சோனி ஆகியவை காட்டும். பிளேஸ்டேஷன் 5 டொல்பி விஷனைப் பாவிப்பதில்லை என்பதால் கேமுக்கு மட்டும் வாங்குகிறவர் இதைப் பெரிதாக எடுக்க வேண்டியதில்லை. படத்துக்காக வாங்குகிறவர் கவனிக்கலாம், ஆனால் இதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். திரை தரமில்லாவிட்டால் பெட்டியில் உள்ள முத்திரை எதையும் காட்டாது.

புதிய டீவியில் படம் பார்க்கும்போது "நாடகம் எடுத்தது போல இருக்கிறதே" என்று பலர் சொல்வதுண்டு. சினிமா செக்கனுக்கு 24 படங்களாக எடுக்கப்படுகிறது. டீவி அவற்றுக்கு இடையில் தானாகப் படங்களைச் செருகி வழுக்கலாக ஆக்குகிறது. 2018 இல் ஹொலிவூட் நடிகர் டொம் குரூஸே ஒரு காணொளியில் தோன்றி, இந்த வசதியை அணைத்துவிட்டுப் படம் பாருங்கள் என்று கேட்டுக் கொண்டார். பிலிம்மேக்கர் நிலையில் வைத்தால் அது தானாக அணைந்துவிடும்.

சத்தத்தை மறந்துவிட வேண்டாம். மெல்லிய டீவிக்குள் நல்ல ஸ்பீக்கருக்கு இடமில்லை. உங்கள் பட்ஜெட்டில் ஒரு பகுதியைச் சவுண்ட்பாருக்கு முதலிலேயே ஒதுக்கி வையுங்கள்.

காசு கொடுக்கும் முன்

டீவிக் கம்பனிகள் ஆண்டுக்கு ஒரு தடவை, பெரும்பாலும் ஆண்டின் முற்பகுதியில் புதிய மொடல்களை இறக்குகின்றன. அப்போது கடந்த ஆண்டு மொடல் கடைக்காரருக்குப் பாரமாகிறது. இடத்தைப் பிடிக்கிறது, முதலை முடக்குகிறது. விலைக்கழிவு கேட்பதற்கு அதுதான் நேரம். இவ்வாண்டின் நடுத்தர மொடலை விடக் கடந்த ஆண்டின் உயர் மொடல் பெரும்பாலும் சிறந்தது. ஆனால் கடையில் மாதக் கணக்கில் ஓடிய காட்சிப் பொருளை, அதிலும் ஓலெட்டை, "புதுசு மாதிரித்தான்" என்று தந்தால் வாங்க வேண்டாம். வாங்க நினைக்கும் மொடலின் முழுப் பெயரையும் இலக்கத்தையும் எழுதி எடுத்துக் கொள்ளுங்கள். ஓர் எழுத்து மாறினால் திரையும் துவாரமும் மாறலாம். ஒரே மொடலில் அளவைப் பொறுத்துத் திரை வகை மாறுவதும் உண்டு.

தவணைக்கு எடுக்கிறவர்கள் மாதத் தொகையை மட்டும் பார்க்காமல் மொத்தத்தைக் கூட்டிப் பாருங்கள். உதாரணத்துக்கு, ரொக்க விலை 6 இலட்சம் ரூபா. தவணை மாதம் 32,500 ரூபா வீதம் 24 மாதம் என்றால் மொத்தம் 7 இலட்சத்து 80 ஆயிரம். மேலதிகமாகப் போவது 1 இலட்சத்து 80 ஆயிரம் ரூபா. வட்டி வேண்டாம் என்று ஒதுங்குகிறவர்கள் மட்டுமல்ல, எல்லோரும் இந்தக் கூட்டலைச் செய்ய வேண்டும். "வட்டியில்லாத் தவணை" என்றாலும், ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு என்று கேளுங்கள். இரண்டு விலைக்கும் இடையில் உள்ள வித்தியாசம் அந்தச் சொல்லின் உண்மையைச் சொல்லும்.

மலிவாகத் தருகிறோம், ஆனால் பில் இல்லை என்கிற இடங்களும் உண்டு. 2024 ஜனவரி முதல் வற் வரி 18 வீதம். அந்தத் தொகை குறைகிறது என்று ஆசைப்பட்டால் பற்றுச்சீட்டு இல்லாமல் போய்விடும். பற்றுச்சீட்டு இல்லாதவருக்கு உத்தரவாதமும் இல்லை, 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் கீழ் முறையிடக் கையில் சான்றும் இல்லை. உத்தரவாதத்தை வாய்ச்சொல்லில் வாங்காமல் எழுத்தில் வாங்குங்கள். எத்தனை வருடம், திரைக்கும் சேர்த்தா, வீட்டுக்கு வந்து பார்ப்பார்களா, உதிரிப்பாகத்துக்கும் கூலிக்கும் சேர்த்தா என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். உயர்தர டீவியில் திரை பழுதானால் திருத்தும் செலவு புதிய டீவியின் விலையை நெருங்கும் என்பதால் திரை பற்றிய வரிதான் அதில் மிக முக்கியம்.

துபாயில் மலிவு, மச்சான் வரும்போது கொண்டு வருவார் என்று எண்ணுகிறவர்கள் மூன்றைக் கூட்டிப் பார்க்க வேண்டும். சுங்கத் தீர்வை, வழியில் உடையும் ஆபத்து, உத்தரவாதம். ஒரு நாட்டில் வாங்கிய டீவிக்கு இன்னொரு நாட்டு முகவர் பெரும்பாலும் பொறுப்பேற்பதில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு

கொண்டு வருகிறவர்கள் டீவியை நிமிர்த்தி வைத்தே கொண்டு வர வேண்டும். படுக்க வைத்தால் திரை வெடிக்கலாம். அவர்கள் போவதற்கு முன்பே இயக்கி, முழு வெள்ளை, முழுச் சாம்பல், முழுக் கறுப்புப் படங்களைப் போட்டுச் செத்த புள்ளி, கறை எதுவும் இருக்கிறதா என்று பாருங்கள். உத்தரவாதக் காலம் முடியும் வரை பெட்டியை எறிய வேண்டாம்.

ஓலெட் வாங்கியவர்களுக்கு ஒரு விசேட எச்சரிக்கை. இரவில் படுக்கும் முன் சுவர்ச் சுவிட்சை அணைப்பது நமது வீடுகளில் வழக்கம். ஓலெட்டில் அதைச் செய்யக் கூடாது. ஒரே சின்னம் நீண்ட நேரம் திரையில் நின்றால் அதன் தடம் பதியும் அபாயம் ஓலெட்டில் உண்டு. அதைத் தவிர்ப்பதற்காக, சில மணி நேரப் பாவனைக்குப் பிறகு ரிமோட்டால் அணைத்ததும் டீவி உள்ளுக்குள் தன்னைத் தானே சீர்செய்து கொள்ளும். சுவர்ச் சுவிட்சை அணைத்தால் அந்த வேலை நடக்காது. மூலையில் சின்னமும் கீழே ஓடும் எழுத்தும் உள்ள ஒரே செய்திச் சனலை நாள் முழுவதும் போட்டு வைக்கும் வீட்டுக்கு ஓலெட் பொருத்தமில்லை.

இடி மின்னல் நேரம் இதற்கு விதிவிலக்கு. அப்போது பிளக்கைக் கழற்றுங்கள். அத்தோடு அன்டெனா வயரையும் இணைய வயரையும் கழற்றுங்கள். மின்னல் மின்சார வயரால் மட்டும் வருவதில்லை. மற்ற நேரங்களுக்குத் தரமான சேர்ஜ் பாதுகாப்புக் கருவி ஒன்று இருக்கட்டும்.

மின்சாரப் பட்டியலையும் யோசியுங்கள். டீவி 150 வொட், விளையாட்டுக் கருவி 200 வொட் என்று வைத்தால், தினமும் நான்கு மணி நேரத்துக்கு மாதம் 42 அலகு வரும். நமது கட்டண முறையில் அலகு கூடக் கூட ஓர் அலகின் விலையும் ஏறுகிறது.

யாருக்கு எது?

சுருக்கமாகச் சொல்வதானால், வெளிச்சமான ஹோல், செய்தி, நாடகம், கிரிக்கெட், பிள்ளைக்கு ஒரு பழைய பிளேஸ்டேஷன் என்ற வீட்டுக்கு உச்ச விலை டீவி தேவையே இல்லை. நல்ல நடுத்தர எல்.சி.டி. ஒன்றும் சவுண்ட்பாரும் போதும். மிஞ்சும் காசு வேறு தேவைக்கு உதவும். பகலில் வெளிச்சமான ஹோலில் எல்லோரும் பார்க்க வேண்டும், பிளேஸ்டேஷன் 5 உம் இருக்கிறது என்ற வீட்டுக்கு, பகுதிகள் அதிகமுள்ள, 4கே 120 தரும் மினி எல்.ஈ.டி. பொருத்தம். இருட்டாக்கக் கூடிய அறை, இரவில் படம், நல்ல இணையம், புதிய விளையாட்டுக் கருவி, இந்த நான்கும் உள்ளவர் ஓலெட்டுக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது.

கடைக்குப் போவதற்கு முன் ஒரு தாளில் இவற்றை எழுதிக் கொள்ளுங்கள். அறையின் தூரம், ஜன்னல் இருக்கும் பக்கம், இணைக்கப் போகும் கருவிகள், இணைய வேகம், ரொக்கமாகக் கொடுக்கக் கூடிய தொகை. அந்தத் தாளோடு போகிறவரிடம் விற்பனையாளர் பேசும் முறையே வேறாக இருக்கும். கம்பனியின் பெயரை அதற்குப் பிறகு கேட்டுக் கொள்ளலாம்.